கூரைப் பெட்டியும் டிரெய்லரின் மூக்கும்

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் கார்களின் பின்னால் ஓடும் முகாம் டிரெய்லர்களில் மிகச் சிறியவற்றுள் ஒன்று 'டியர்டிராப்' எனப்படும் கண்ணீர்த்துளி வடிவ வண்டி. 1930-களில் உருவான இதன் வரைபடத்தை 1947-ல் 'மெக்கானிக்ஸ் இல்லஸ்டிரேட்டட்' இதழ் வெளியிட்டது. மரவேலை தெரிந்தவர்கள் தாங்களே செய்துகொள்ளும் வண்டியாக இது இன்றும் இருக்கிறது. நான்கடி அகலம், எட்டடி நீளம். உள்ளே இருவர் படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை. படுக்கையை விரித்துவிட்டால் பை வைக்கக்கூட இடமிருக்காது. அதனால்தான் கார்களுக்கு மாட்டும் பிளாஸ்டிக் பெட்டியை இதன் கூரையில் ஏற்றும் ஆசை பலருக்கும் வருகிறது.

கூரை தாங்குமா? தாங்காது, சுவர் தாங்கும். கூரை என்பது மெல்லிய பிளைவுட்டும் அதன்மேல் சுமார் 1 மி.மீ. அலுமினியத் தகடும்தான். பெட்டியைத் தாங்கும் குறுக்குக் கம்பிகளின் கால்கள் பக்கச் சுவர்களில் ஊன்ற வேண்டும். பிளைவுட்டின் விளிம்பில் முடுக்கிய திருகு எளிதில் பிடியிழக்கும் என்பதால், சுவரின் முகத்தில் துளையிட்டு, உட்புறம் ஒரு தகடு கொடுத்து, போல்ட்டால் இறுக்குவதே நம்பகமானது. பள்ளத்தில் சக்கரம் விழுந்து எழும்போது பெட்டியின் பளு ஒரு கணம் இரண்டு மூன்று மடங்காகிவிடும்.

ஒவ்வொரு துளையும் மழைநீருக்கு ஒரு வாசல். 2.4 மீட்டர் அலுமினியத் தகடு, 50 டிகிரி வெப்பநிலை மாற்றத்தில் ஏறத்தாழ 3 மி.மீ. நீண்டு சுருங்கும். இறுகிக் காய்ந்துவிடும் பூச்சு இந்த அசைவில் விரிசல் விடும். கடைசிவரை பிசின்போல நெகிழ்ந்தே இருக்கும் பியூட்டைல் டேப் தாக்குப்பிடிக்கும். பின்கதவு முழுதாகத் திறக்கும்போது பெட்டியில் இடிக்கிறதா என்பதையும் துளை போடும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

பெட்டியை மாட்டுவோர் பெரும்பாலும் இத்தோடு நின்றுவிடுகிறார்கள். எனக்குக் கவலை தருவது இதற்கு அடுத்த விஷயம்: வண்டியின் மூக்கு.

டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் இணைப்புக் குண்டின்மேல் அழுத்த வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். இந்த மூக்கெடை குறைந்தால், பக்கத்தில் ஒரு லாரி கடக்கும்போது தொடங்கும் சிறு ஆட்டம் அடங்காமல் வளரும். வேகம் கூடக்கூட ஆட்டத்தை அடக்கும் தன்மை குறையும். ஓர் எல்லைக்குப் பிறகு ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகி, காரையே இழுத்துச் சாய்த்துவிடும். எடைகளை இடம் மாற்றிப் பொருத்தக்கூடிய டிரெய்லரை ஓட்டி ஆராய்ந்த இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகப் பொறியாளர்களும், மூக்கெடையும் பளு எங்கே பரவியிருக்கிறது என்பதுமே நிலைத்தன்மையைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்று கண்டார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி 500 கிலோ, மூக்கெடை 50 கிலோ, குண்டுக்கும் சக்கர அச்சுக்கும் இடையே 2.5 மீட்டர். பொருள்களோடு 50 கிலோ வரும் பெட்டியை அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் வைத்தால் மூக்கெடையில் 10 கிலோ போய்விடும். அடுத்தது காற்று. இந்த வண்டி காரின் உயரத்தையே ஒட்டியது. காரின் மறைவில் ஒதுங்கி ஓடும். பெட்டியோ அந்த மறைவுக்கு மேலே தலைநீட்டுகிறது. 80 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் உள்ள பெட்டியை மணிக்கு 105 கி.மீ. வேகத்தில் காற்று ஏறத்தாழ 10 கிலோ விசையோடு பின்னுக்குத் தள்ளும். குண்டைவிட ஒன்றரை மீட்டர் உயரத்தில் விழும் இந்தத் தள்ளல், மூக்கை மேல்நோக்கித் தூக்கி இன்னும் 6 கிலோவைக் குறைக்கும். மிஞ்சுவது 34 கிலோ. மொத்த எடையோ இப்போது 550 கிலோ. அதாவது வெறும் 6 சதவீதம்!

கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வாகனங்களுக்குச் சட்டம் விதித்த உச்ச வேகம் மணிக்கு 55 மைல், அதாவது 88 கி.மீ. அந்த வேகத்தில் காற்றின் தள்ளல் 7 கிலோவாக இறங்கிவிடும். ஆனால் உயரத்தால் வரும் கேடு வேகத்தோடு இறங்காது. தரையிலிருந்து 70 செ.மீ.யில் இருந்த ஈர்ப்பு மையம் 80 செ.மீ.க்கு ஏறியிருக்கும்; வளைவில் கவிழாமல் தாங்கும் திறனில் சுமார் எட்டில் ஒரு பங்கு போய்விட்டிருக்கும்.

எனவே பெட்டியின் இடம் அச்சுக்கு நேர்மேலே, அல்லது சற்று முன்னால். உறங்குபைகள், மடக்கு நாற்காலிகள், பந்தல் துணி போன்ற இலேசானவை மட்டுமே அதற்குள் போகலாம். தண்ணீர் கேனும் பேட்டரியும் கீழேயே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, உடல் எடை பார்க்கும் சாதாரண மெஷின்மேல் ஒரு கட்டையை வைத்து, அதில் டிரெய்லரின் மூக்கை இறக்குங்கள். முள் மொத்த எடையில் 12 சதவீதத்துக்குக் கீழே நின்றால், காற்று எடுத்துக்கொள்ளப் போவதற்கு மிச்சம் இல்லை; பெட்டியை இன்னும் முன்னே தள்ள வேண்டும்.