பலகைக்கு முன்னால் மண்

சிப்பிகாட்டில் சாலையோரம் பரந்து கிடக்கும் நீர்ப்பரப்பைத் தேடிப் பறவை பார்ப்பவர்கள் வருகிறார்கள். 2004-க்கு முன் அங்கே வயலும் தோப்பும் இருந்தன. அந்த ஆண்டு டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் இப்பகுதி ஏறக்குறைய 1 மீட்டர் தாழ்ந்தது. தாழ்ந்த நிலத்தில் புகுந்த கடல்நீர் வடிந்து போகவில்லை. ஓதம் ஏறும்போதெல்லாம் உள்ளே வருகிறது.

இப்படிப்பட்ட ஊரில், வீட்டு முன் புல்தரைமேல் மரத்தளம் போட நினைப்பவர் முதலில் பேசுவது மரத்தைப் பற்றித்தான். படாக்கா, வேறா? 1883-ல் தொடங்கிய சாத்தம் மர அறுவை ஆலை இருக்கும் தீவுக்கூட்டத்தில் அந்தப் பேச்சு இயல்பானது. படாக்கின் வைரம் பாய்ந்த பகுதி கரையானுக்கு எளிதில் மசியாது. குர்ஜன் அப்படியல்ல, மருந்து ஏற்றாமல் ஈரத்தில் நிற்காது. ஆனால் எந்த மரமானாலும் அதன் ஆயுளைத் தீர்மானிப்பது அடியில் இருக்கும் மண். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்தில் இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

ஆகவே ஒரு பெருமழை விட்டதும் இடத்தைப் போய்ப் பாருங்கள். எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, மறுநாள் எங்கே கால் புதைகிறது என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். பௌர்ணமி, அமாவாசை ஓதத்தின்போது பக்கத்து ஓடை எவ்வளவு ஏறுகிறது என்பதையும் கவனியுங்கள்.

பிறகு ஆப்பு அடித்து, நூல் கட்டி, மூலைமட்டம் பார்த்து எல்லை குறிக்க வேண்டும். புல்லை அப்படியே விட்டு மேலே தளம் போடுவதுதான் பலரும் செய்வது. வெயில் படாத புல் செத்து அழுகும். அந்த ஈரமும் மக்கலும் கரையானை அழைத்து வரும். மேலாக மழிப்பது போதாது. வேர்முடியோடு மேல்மண்ணை வெட்டி எடுத்து, பழைய மரவேர், கட்டைத்துண்டு எல்லாவற்றையும் பொறுக்கி அப்புறப்படுத்த வேண்டும். வெட்டிய புல்பத்தையை வேறிடத்தில் நட்டால் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது வாட்டம். 1 மீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர், வீட்டுச் சுவரை விட்டு வெளியே இறங்க வேண்டும். திமிசு போட்டு மண்ணை இறுக்கி, அதன்மேல் நீர் புகும் நெய்யாத் துணியை விரித்து, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் ஜல்லி பரப்பலாம். துணிக்குப் பதில் பாலித்தீன் தாளை விரிப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், தண்ணீர் அதன்மேல் குட்டையாக நிற்கும், கொசு முட்டையிடும்.

கால்களுக்குக் குழி எடுக்கும்போது மேல்மண்ணைத் தாண்டிக் கெட்டி மண் வரும்வரை போக வேண்டும். மரக்காலைக் கான்கிரீட்டுக்குள் புதைக்காமல், மேலே துத்தநாகம் பூசிய இரும்புத் தாங்கியில் நிறுத்தினால் அடிப்பகுதி உலர்ந்திருக்கும். நிக்கோபாரிகளின் பழைய வீடுகளும் கால்கள்மேல் உயர்ந்தே நின்றன. அடியில் காற்று தாராளமாக ஓடியது. நம் தளத்துக்கும் அடியில் ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும்.

இந்த மண்வேலைக்கு ஏற்ற காலம் பிப்ரவரி, மார்ச். மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடிப்பதற்குள் மண் படிய நேரம் கிடைக்கும். தளம் முடியும்போது தச்சரிடம் ஒரு பலகையை மட்டும் திருகாணி கழற்றித் தூக்கும்படி விடச் சொல்லுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் டார்ச் அடித்து, கால்களில் கரையான் மண்கோடு ஏறியிருக்கிறதா என்று பார்க்க அந்த வழி வேண்டும்.