உங்களுக்குத் தெரியுமா? கைபேசியும் ஒரு நடைத்துணை
சைக்கோசிஸ் என்னும் மனநோய் பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோதான் தலைகாட்டுகிறது. அதற்குத் தரும் மருந்துகள் சில, முதல் சில மாதங்களிலேயே உடல் எடையைக் கூட்டிவிடும். கடுமையான மனநோய் உள்ளவர்களின் ஆயுள் 10 முதல் 20 ஆண்டுகள் குறைகிறது. இதயநோய் போன்ற, தடுக்கக்கூடிய நோய்களே இதற்கு முக்கியக் காரணம்.

சிட்னியில் நடந்து 2016இல் வெளியான ஒரு சிறிய ஆய்வைப் பாருங்கள். 12 வாரம் உடற்பயிற்சியும் உணவு ஆலோசனையும் பெற்ற, இந்நோய் உள்ள இளைஞர்களுக்குக் கூடிய எடை சராசரியாக 1.8 கிலோ, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 7.8 கிலோ!

ஆனால், எதையும் தொடங்க மனம் எழாததும் இந்நோயின் அறிகுறிதான். அதைச் சோம்பல் என்று திட்டுவது அநியாயம். கைபேசி கைகொடுப்பது இங்கேதான்: அதிலுள்ள செயலி, உணரி வழியாக அசைவை அறிந்து காலடிகளை எண்ணும், குறித்த நேரத்தில் நினைவூட்டும், பயிற்சியாளரின் ஊக்கச் செய்தியைக் கொண்டுவரும். நேற்று 2,000 அடி, இன்று 2,300 என்றால் அதுவே நல்ல முன்னேற்றம்.

ஒன்றை மறக்கக் கூடாது. யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்ற அச்சம் இந்நோயில் அடிக்கடி வருவது. எந்தத் தகவல் பதிவாகிறது, யார் பார்ப்பார்கள் என்று விளக்கி, நோயாளி சம்மதித்த பிறகே செயலியை நிறுவ வேண்டும்.