'இறுக்கிப் பின்னுங்க ஆன்ட்டி!'

சென்ற மாதம் என் மகளின் பத்தாவது பிறந்த நாள். "கேக் வெட்டுற காசுல ஆதரவற்ற குழந்தைகளுக்கு ஒரு வேளை சாப்பாடு போடலாமே" என்றார் என் கணவர். தர்மபுரி பக்கத்தில் உள்ள பெண் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சொல்லி வைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய்விட்டோம்.

போனதும் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, செல்போனில் படம் எடுக்கப் போனேன். "வேண்டாம்மா. காப்பகத்துப் பிள்ளைங்க அடையாளம் வெளியே தெரியக் கூடாதுன்னு 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்துலயே இருக்கு" என்றார் வார்டன் அம்மா. எனக்கு வெட்கமாகி விட்டது. நம் பிள்ளை கைநீட்டிச் சோறு வாங்குவதை ஒருவர் படம் எடுத்தால் சும்மா இருப்போமா?

சாப்பாட்டுக்கு நேரம் இருந்தது. தலைக்குக் குளித்துவிட்டு நின்ற பிள்ளைகளுக்குப் பின்னிவிட உட்கார்ந்தேன். ஒரு சிறுமி, "இறுக்கிப் பின்னுங்க ஆன்ட்டி! எங்கம்மா பின்னினா ரெண்டு நாளைக்கு அவிழாது" என்றாள்.

தூக்கி வாரிப் போட்டது எனக்கு. "உனக்கு அம்மா இருக்காங்களா?" என்று கேட்டு விட்டேன்.

"ம்... பெங்களூர்ல சித்தாள் வேலைக்குப் போயிருக்காங்க. பொங்கலுக்கு வருவாங்க" என்றாள் சாதாரணமாக.

வார்டன் அம்மாவிடம் விசாரித்தேன். "1992-ல சேலத்துல ஆரம்பிச்ச தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-ல நம்ம மாவட்டத்துக்கும் வந்துச்சு. அதுல வர்ற பச்சைக் குழந்தைகளைச் சட்டப்படி தத்து கொடுத்துடுவாங்க. இங்கே பல பேருக்கு அம்மா இருக்காங்க. புருஷன் போனதும், பிழைக்க வழியில்லாம கொண்டாந்து விடறாங்க" என்றவர், இன்னொன்றும் சொன்னார். மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில், கணவனை இழந்த ஏழைத் தாய் குழந்தையைத் தன்னோடு வைத்து வளர்க்க, குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டாம். கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள், மற்ற ஊர்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டுமாம்.

எனக்கு எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெண்ணின் நினைவு வந்துவிட்டது. கணவர் இறந்து ஆறு மாதம். இரண்டு பிள்ளைகளையும் எங்காவது 'ஹோமில்' விட்டுவிட்டு பெங்களூர் போவதாகச் சொன்னாள். "நல்லதுதான், படிப்பாவது கிடைக்கும்" என்று தலையாட்டியவள் நான்தான்!

மறுநாளே அவளை அழைத்துக் கொண்டு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனேன். கணவரின் இறப்புச் சான்று, வருமானச் சான்று, பிள்ளைகளின் பள்ளிச் சான்று எல்லாம் இணைத்து மனு கொடுத்திருக்கிறோம். பணம் எப்போது வருமோ, தெரியாது. ஆனால், "கொஞ்ச நாள் பார்க்கிறேன்க்கா" என்று பயணத்தைத் தள்ளிப் போட்டிருக்கிறாள். பக்கத்துக் காட்டில் களை எடுக்கப் போகிறாள். சாயங்காலம் அவள் பிள்ளைகள் என் வீட்டுத் திண்ணையில்தான் வீட்டுப்பாடம் எழுதுகின்றன.

சகோதரிகளே! யாருமே இல்லாத குழந்தைக்குக் காப்பகம் வேண்டும்தான். அங்கே சாப்பாடு போடுவதும் புண்ணியம்தான். ஆனால், தாய் இருந்தும் காப்பகத்துக்குப் போக இருக்கும் குழந்தை நம் தெருவிலேயே இருக்கலாம். விவரம் தெரியாத அந்தத் தாயிடம் நாலு வார்த்தை சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் எழுதிக் கொடுங்கள். பெற்றவள் இறுக்கிப் பின்னுகிற பின்னல் நமக்கு வராது!

— ஒரு வாசகி, தர்மபுரி மாவட்டம்.