மாநகர மேயர்கள் – 6: சிகாகோவின் ஹரால்ட் வாஷிங்டன்

சிகாகோவின் முதல் கறுப்பின மேயர் ஹரால்ட் வாஷிங்டன் (1922–1987). தேர்தலில் வென்ற பிறகும் மாமன்றத்தில் பெரும்பான்மை கிடைக்காமல் மூன்று ஆண்டுகள் போராடி, நகர நிர்வாகத்தின் விதிகளையே மாற்றியவர்.

1955 முதல் 1976 வரை 21 ஆண்டுகள் சிகாகோவை ஆண்டவர் ரிச்சர்ட் ஜே. டேலி. ஜனநாயகக் கட்சியின் உள்ளூர் அமைப்பு அவர் கைக்குள் இருந்தது. தெருத் தெருவாக வாக்குச் சேர்த்துத் தரும் கட்சிக்காரருக்கு மாநகராட்சி வேலை கிடைக்கும். வாக்குக் குறைந்தால் வேலைக்கும் ஆபத்து. கறுப்பின மக்களின் வாக்குகள் இந்த அமைப்புக்குத் தூணாக இருந்தும், அவர்கள் வாழ்ந்த பகுதிகளுக்கு வசதிகள் குறைவாகவே வந்து சேர்ந்தன.

வாஷிங்டனும் இந்த அமைப்புக்குள் வளர்ந்தவரே. அவர் தந்தை வழக்கறிஞர், மத போதகர், கட்சியின் வட்டாரப் பொறுப்பாளர். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் பகுதியில் பணியாற்றித் திரும்பிய வாஷிங்டன், ரூஸ்வெல்ட் கல்லூரியில் படித்து, 1952இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார். 1965இல் இலினாய் மாநிலச் சட்டமன்றத்திலும், 1981இல் அமெரிக்க நாடாளுமன்றத்திலும் நுழைந்தார். இடையில் ஒரு சறுக்கல்: வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யாத குற்றத்துக்காக 1972இல் 36 நாள் சிறையில் இருந்தார். 1977இல் மேயர் பதவிக்கான கட்சி வேட்பாளர் தேர்தலில் நின்று தோற்றார்.

1982இல் நிலைமை மாறியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் புதிதாக வாக்காளர் பட்டியலில் சேர்ந்தனர். 1983 பிப்ரவரியில் நடந்த வேட்பாளர் தேர்தலில் மேயர் ஜேன் பைர்னும் டேலியின் மகன் ரிச்சர்ட் எம். டேலியும் வெள்ளையர் வாக்குகளைப் பிரித்துக்கொள்ள, சுமார் 36 சதவீத வாக்குடன் வாஷிங்டன் வென்றார்.

ஜனநாயகக் கட்சியின் கோட்டையான சிகாகோவில், அத்துடன் மேயர் யாரென்பது முடிவாகியிருக்க வேண்டும். ஆனால் கட்சியின் வெள்ளையின நிர்வாகிகள் பலர் குடியரசுக் கட்சி வேட்பாளர் பெர்னார்ட் எப்டனை ஆதரித்தனர். ‘காலம் கடப்பதற்கு முன்’ என்ற எப்டனின் முழக்கத்தில் இன அச்சம் ஒலித்தது. ஏப்ரல் 12 அன்று சுமார் 48,000 வாக்கு வித்தியாசத்தில் வாஷிங்டன் தப்பினார். கறுப்பினத்தவரோடு லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் சீர்திருத்தம் விரும்பிய வெள்ளையரும் சேர்ந்து தந்த வெற்றி அது.

மாமன்றத்தின் 50 கவுன்சிலர்களில் 29 பேர் எட்வர்ட் வர்டோலியாக் தலைமையில் எதிரணி அமைத்தனர். மேயர் பக்கம் 21 பேர். குழுத் தலைமைகளை எதிரணி தன்வசமாக்கிக்கொண்டது. மேயரின் நியமனங்கள் குழுக்களிலேயே முடங்கின. அதேவேளை மேயரின் வீட்டோவை முறியடிக்க 34 வாக்கு தேவை. அந்த எண்ணிக்கை எதிரணிக்கு எட்டவில்லை. ஒருவர் செய்ததை மற்றவர் தடுத்த இந்த இழுபறியைப் பத்திரிகைகள் ‘மாமன்றப் போர்’ என்றன.

மாமன்றத்தின் ஒப்புதல் தேவைப்படாத வழிகளில் வாஷிங்டன் முன்னேறினார். மாநகராட்சி ஆவணங்களை மக்கள் பார்க்கலாம் என்று ஆணையிட்டார். வரவுசெலவுத் திட்டம் பற்றிக் குடியிருப்புப் பகுதிகளில் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடத்தினார். அரசியல் சார்பு பார்த்து வேலை தருவதைத் தடுக்கும் ஷாக்மன் நீதிமன்ற உடன்பாட்டை 1983இல் ஏற்றார். தன் ஆதரவாளருக்கே வேலை தரும் வாய்ப்பைத் தாமே கைவிட்டது சாதாரண முடிவன்று; பழைய அமைப்பின் வேரை வெட்டியது இதுதான்.

முட்டுக்கட்டை நீங்க நீதிமன்றம் வழிவகுத்தது. சிறுபான்மையினரின் வாக்குரிமையைப் பாதிக்கும் விதத்தில் வார்டு எல்லைகள் வகுக்கப்பட்டிருந்ததால், அவற்றை மாற்றி 1986இல் ஏழு வார்டுகளில் சிறப்புத் தேர்தல் நடந்தது. 26ஆவது வார்டில் லூயிஸ் குட்டியெரெஸ் வென்றதும் கணக்கு 25க்கு 25 ஆனது. சமநிலையில் முடிவு செய்யும் வாக்கு மேயருடையது. தேங்கிக் கிடந்த நியமனங்கள் நிறைவேறின. 1987இல் நகராட்சி நன்னடத்தைச் சட்டமும் வந்தது.

1987 ஏப்ரலில், வேறு கட்சி சார்பில் நின்ற வர்டோலியாக்கைத் தோற்கடித்து மீண்டும் மேயரானார். ஏழு மாதங்களில், நவம்பர் 25 அன்று, அலுவலகத்திலேயே மாரடைப்பால் இறந்தார்.

அவருடைய கூட்டணி அடுத்த மேயரைத் தேர்வதிலேயே பிளந்தது. யூஜின் சாயர் மேயரானார்; 1989இல் ரிச்சர்ட் எம். டேலி பதவியைப் பிடித்தார். கூட்டணி கலைந்தாலும், ஆவணங்களைப் பார்க்கும் உரிமையையும் கட்சி பார்க்காமல் வேலை தரவேண்டும் என்ற கட்டுப்பாட்டையும் வாஷிங்டன் நகரத்துக்கு விட்டுச்சென்றார். 1991இல் திறக்கப்பட்ட சிகாகோவின் மத்திய நூலகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

(தொடரும்)