பட்டனை எண்ணி வாங்காதீங்க!

என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது பியானோ கற்றுக் கொள்ள ஆசைப்பட்டாள். எங்கள் தெருவிலேயே ஒரு மிஸ் சொல்லித் தருவதால் சேர்த்து விட்டேன். வீட்டில் பழக, 9 ஆயிரம் ரூபாய்க்கு 61 கட்டை கீ-போர்டு வாங்கினோம். "அறுநூறு சவுண்ட் இருக்கு மேடம், டிரம்ஸ் கூட வரும்" என்று கடைக்காரர் சொன்னதும், எனக்கு வாயெல்லாம் பல்!

ஆறு மாதம் போனது. வீட்டில் தடங்கலின்றி வாசிக்கிற பாட்டை மிஸ் வீட்டுப் பியானோவில் வாசித்தால், பாதி கட்டைகள் ஊமையாகி விடும். "விரல் வலிக்குதும்மா, நான் கிளாசுக்குப் போகல" என்று அழுவாள். சோம்பேறித்தனம் என்று நினைத்து அவளைத் திட்டியதை நினைத்தால் இப்போதும் மனசு கேட்கவில்லை.

மிஸ்தான் விளக்கினார். பியானோவில் கட்டையை அழுத்தினால், உள்ளே ஒரு சுத்தி எழும்பிக் கம்பியை அடிக்கும். அந்தச் சுத்தியின் கனம் விரலுக்குத் தெரியும். நாங்கள் வாங்கிய கீ-போர்டில் அந்தக் கனமே கிடையாது. "தப்பு உங்க பொண்ணு மேல இல்லைங்க, பெட்டி மேலதான்" என்றார்.

கம்பி கட்டிய நிஜப் பியானோ என்றால் லட்சக்கணக்கில் வேண்டும். அவ்வப்போது ஆள் வைத்து சுருதியும் சேர்க்க வேண்டும். நமக்குத் தோது டிஜிட்டல் பியானோதான். யமஹா, கேஸியோ, ரோலண்ட் மூன்றிலுமே 88 கட்டையோடு, சுத்தியின் கனத்தைத் தருகிற 'ஹேமர் ஆக்ஷன்' வைத்த ஆரம்ப மாடல்கள் உண்டு. "மறுபடியுமா?" என்று முறைத்தார் என்னவர். வளையலுக்கென்று வைத்திருந்த சீட்டுப் பணம் 40 ஆயிரத்தை எடுத்தேன்.

இம்முறை கடையில் மகளையே உட்கார வைத்தேன். ஒரே கட்டையை மெதுவாகவும் ஓங்கியும் தட்டினாள். சத்தமும் அதற்கேற்ப மாறியது. இடது பக்கக் கட்டைகள் சற்றுக் கனமாகவும், வலது பக்கம் போகப் போக லேசாகவும் இருக்க வேண்டுமாம். பிறகு சத்தத்தை அடியோடு குறைத்து விட்டு வாசிக்கச் சொன்னேன். மாடியில் குடியிருப்பவர்கள் இதை அவசியம் பாருங்கள். ஹெட்போன் போட்டாலும், கட்டை இடிக்கும் 'டொக் டொக்' கீழ் வீட்டுக்குக் கேட்கும். ஒரே நேரத்தில் எத்தனை ஸ்வரம் ஒலிக்கும் என்பதை 'பாலிஃபனி' என்கிறார்கள். ஆரம்பத்துக்கு 64 போதும். சவுண்ட் பத்தே பத்துதான், டிரம்ஸ் கிடையாது! பழையது வாங்குவதானால் கூச்சப்படாமல் 88 கட்டையையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து விடுங்கள்.

பில் போடும்போதுதான் ஸ்டாண்டுக்குத் தனிக் காசு என்று தெரிந்தது. கத்திரிக்கோல் மாதிரி மடங்குகிற ஸ்டாண்டு ஆட்டம் கண்டதால், தச்சரிடம் மேஜை செய்து கொண்டோம். உட்கார்ந்தால் முழங்கை கட்டைக்கு நேராக வர வேண்டும். கூடவே வந்த பெடல், சின்னச் சதுரப் பொத்தான். மொசைக் தரையில் நழுவி ஓடுகிறது. அடியில் பழைய ரப்பர் மேட் போட்டிருக்கிறேன்.

இரண்டே மாதத்தில் மிஸ் வீட்டுப் பியானோவில் ஊமைக் கட்டைகள் பேச ஆரம்பித்து விட்டன. ராத்திரி ஹெட்போன் மாட்டிக் கொண்டு அவள்பாட்டுக்கு வாசிக்கிறாள். என் மாமியார்தான், "ஏம்மா, அவ்வளவு பணம் குடுத்து வாங்கி, ஒரு சத்தத்தையும் காணோமே!" என்கிறார்.

- ஒரு வாசகி, திருச்சி.