புதிதாக வந்த செயலி எங்கே இருக்கிறது?

2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. நூறாண்டுக்கும் மேலாகத் தங்கம் வெட்டிக் கொடுத்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் அதன்பிறகு பெங்களூரை நம்பித்தான் பிழைக்க வேண்டியதாயிற்று. தங்கவயலின் மாரிக்குப்பம் நிலையத்திலிருந்து விடிகாலையில் கிளம்பும் ரயில்களில் சுமார் நூறு கிலோமீட்டர் போய், இரவு வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். பில் போடுவதோ சரக்குக் கணக்குப் பார்ப்பதோ, எந்த வேலையானாலும் கம்ப்யூட்டர் பழக்கம் கேட்கிறார்கள். வீட்டில் தமிழும் அலுவலகத்தில் கன்னடமும் பேசுகிறவருக்குத் திரையில் எதிர்ப்படுவது பெரும்பாலும் ஆங்கிலம். இத்தகைய ஒருவர் புதிய செயலி ஒன்றை இன்ஸ்டால் செய்கிறார். வேலை முடிந்தது என்று செய்தி வருகிறது. மெனுவைத் திறந்தால் நூறு பெயர்களுக்கு நடுவே அதைக் காணோம். அதைத் தேடிப் பிடிப்பது அவருடைய சாமர்த்தியத்தைப் பொறுத்தது என்று விட்டுவிடக் கூடாது. எடுத்துக் காட்டுவது மெனுவின் கடமை.

மென்பொருள் உலகத்துக்கு இது தெரியாத சங்கதி இல்லை. 1995இல் விண்டோஸ் 95 ஸ்டார்ட் மெனுவைக் கொண்டுவந்தபோது, பல செயலிகள் தம்மைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரிட்ட ஃபோல்டருக்குள் போய் ஒளிந்துகொண்டன. தங்கவயல் மூடப்பட்ட அதே 2001இன் அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, புதிதாக வந்த செயலியையும் அது இருக்கும் ஃபோல்டரையும் ஆரஞ்சு நிறத்தில் காட்டியது. புதிய புரோகிராம் வந்திருக்கிறது என்று சிறு குமிழி ஒன்றும் எழும்பியது. 2013இல் வெளியான விண்டோஸ் 8.1இல், புதிய செயலி முதல் திரையில் தானாக வந்து நிற்பது நின்றுபோயிற்று. கீழே உள்ள அம்புக்குறியை அழுத்தி முழுப் பட்டியலுக்குள் போனால்தான் கிடைத்தது. பிறகு விண்டோஸ் 10இல், அண்மையில் சேர்ந்தவை என்ற பகுதி பட்டியலின் உச்சிக்கே வந்துவிட்டது. ஒரே நிறுவனம் இத்தனை முறை இந்தக் கேள்விக்குத் திரும்பி வந்திருப்பதே, பயனர்கள் உண்மையில் திண்டாடினார்கள் என்பதற்குப் போதுமான சான்று.

லினக்ஸ் இதற்கு வேறொரு வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு செயலியும் மெனுவுக்கென்று ஒரு சிறிய எழுத்துக்கோப்பைக் கொண்டுவருகிறது. செயலியின் பெயர், அது என்ன வகை, எதற்குப் பயன்படும், எந்தச் சொல்லைத் தட்டினால் அகப்பட வேண்டும் என்பவற்றுக்கு அதில் தனித்தனி வரிகள் உண்டு. அதே வரியைத் தமிழிலும் கன்னடத்திலும் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம். பயனர் எந்த மொழியைத் தேர்ந்தாரோ அதை மெனு எடுத்துக்கொள்ளும். கிம்ப் என்ற பெயரைப் படித்தால் ஒன்றும் விளங்காது. பக்கத்தில் ‘படத் திருத்தி’ என்று இருந்தால் பத்தாம் வகுப்பு மாணவிக்கும் விளங்கும். வகையைக் குறிக்கும் வரியை எழுத மறந்தால், கேடிஈ என்ற லினக்ஸ் திரைச்சூழலின் மெனுவில் அந்தச் செயலி உரிய இடம் கிடைக்காமல் உதிரிகளுக்கான பிரிவில் போய் விழும். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்ற லினக்ஸ் வகை, தமிழக அரசு 2011 முதல் வழங்கிய மாணவர் மடிக்கணினிகளில் இடம்பெற்றது. இப்படி லினக்ஸ் முதன்முதலாகக் கம்ப்யூட்டரைத் தொடும் பிள்ளைகளின் கையில் போய்ச் சேரும்போது, இந்த ஓரிரு வரிகளின் அருமை இன்னும் கூடுகிறது.

பெயரைத் தட்டினால் வந்துவிடுமே, மெனுவில் எதற்குத் தேட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். பெயரை ஏற்கெனவே அறிந்தவருக்கு அது சரி. பள்ளி ஆய்வகத்திலும் கடையிலும் செயலியைப் போட்டுக் கொடுப்பவர் ஒருவர், பயன்படுத்துபவர் வேறொருவர். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்று பிசகினாலும் பல தேடல் பெட்டிகள் கையை விரித்துவிடும். தேடல் தேவைதான், ஆனால் தன்னிடம் என்ன இருக்கிறது என்றே அறியாதவர் எதைத் தட்டுவார்?

நிறம் தீட்டிக் காட்டினால் கண்ணை உறுத்தும், விளம்பரத்துக்கும் வழி திறந்துவிடும் என்பது இன்னொரு ஆட்சேபம். இதில் நியாயம் இருக்கிறது. 2024இல் விண்டோஸ் 11 தன் ஸ்டார்ட் மெனுவின் பரிந்துரைப் பகுதியில், பயனர் கேட்காத செயலிகளையும் காட்டத் தொடங்கியது. அதற்கு மருந்து அடையாளத்தையே எடுத்துவிடுவது அல்ல, எல்லை வகுப்பது. கம்ப்யூட்டரில் உண்மையாகவே புதிதாகச் சேர்ந்த செயலிக்கு மட்டும் அடையாளம் வரட்டும், ஒருமுறை திறந்ததும் மறையட்டும், வேண்டாதவர் நிறுத்திக்கொள்ளட்டும். எக்ஸ்பியிலேயே அப்படி நிறுத்தும் வசதி இருந்தது.

இதற்குப் பெரிய செலவு ஏதும் இல்லை. ஒரு செயலியை முழுக்கத் தமிழாக்க மாதக்கணக்கில் ஆகலாம். மெனுவுக்கான வரிகளை ஒரே மாலையில் முடித்துவிடலாம். தமிழாக்கத் தன்னார்வலர்கள் அங்கிருந்தே தொடங்க வேண்டும். கன்னடம் அறிந்த தங்கவயல் தமிழ் இளைஞர்கள் இரு மொழியிலும் கைகொடுக்கலாம். மெனுவில் கண்ணில் படாத செயலி, இன்ஸ்டால் ஆகியும் ஆகாததுதான்.