ராஜினாமாவா, ஆட்குறைப்பா?

சென்னை ஓ.எம்.ஆர். சாலையின் ஐ.டி. நிறுவனங்களில் ஆட்குறைப்பு பெரும்பாலும் அந்தப் பெயரில் வருவதில்லை. ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிடுவார்கள். “நீங்களே ராஜினாமா கொடுத்துவிட்டால் ரெக்கார்டு சுத்தமாக இருக்கும், இரண்டு மாதச் சம்பளம் தருகிறோம். இன்றைக்கே முடிவு சொல்லுங்கள்” என்பார்கள். தொகையைப் பேசுவதற்கு முன் பேச வேண்டியது அந்த ராஜினாமாக் கடிதத்தைப் பற்றித்தான்.

ராஜினாமா செய்தவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. நிறுவனமே ஆட்குறைப்பில் நீக்கினால், ஓராண்டாவது தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் தர வேண்டும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் இருந்த இந்த உரிமை, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. எட்டு ஆண்டு வேலை பார்த்தவரின் கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளம் 60,000 ரூபாய் என்றால், இழப்பீடு மட்டும் 2,40,000. “இரண்டு மாதச் சம்பளம்” என்பது அதில் பாதிதான். ஐந்தாண்டு முடித்தவருக்குரிய பணிக்கொடை தனி. ராஜினாமா என்றாலும் ஆட்குறைப்பு என்றாலும் அது உங்கள் பணம். அதையும் சேர்த்து “பேக்கேஜ்” என்று காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

“ஐ.டி. ஊழியர் தொழிலாளி இல்லையே” என்று மறுப்பார்கள். நீதிமன்றங்கள் பதவியின் பெயரைப் பார்ப்பதில்லை, செய்த வேலையைப் பார்க்கின்றன. மேனேஜர் என்று அட்டையில் போட்டிருந்தும் நாள் முழுக்க புரோகிராம் எழுதியவருக்கு வாதாட இடம் உண்டு. உண்மையிலேயே நிர்வாகப் பொறுப்பில் இருந்தவருக்குப் பணி ஒப்பந்தம்தான் பிடிமானம்.

அந்த அறையில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். “எழுத்தில் அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்” என்று கேட்பது உங்கள் உரிமை. கையெழுத்தை மிரட்டி வாங்கினார்கள் என்று பிறகு நிரூபிப்பது மிகக் கடினம். லேப்டாப்பைப் பிடுங்குவதற்குள் சம்பளச் சீட்டு, அப்ரைசல் கடிதம், பணி ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல் உங்களிடம் இருக்கட்டும். கம்பெனி ரகசியம் எதையும் தொட வேண்டாம்.

தொகை நகராவிட்டால் மற்றவற்றைக் கேளுங்கள். பெற்றோருக்கும் சேர்ந்த மருத்துவக் காப்பீட்டை ஆண்டு முடியும்வரை நீட்டிப்பது, ஜாயினிங் போனஸைத் திரும்பக் கேட்காதது, ரிலீவிங் கடிதத்தின் வாசகம் ஆகியவற்றில் நிறுவனங்கள் இறங்கி வரலாம். சிகிச்சையில் இருக்கும் அம்மாவுக்கு அந்தக் காப்பீடு ஒரு மாதச் சம்பளத்தைவிடப் பெரிது.

நீக்கிய இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு. பேச்சு முறிந்தால், தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் இரண்டு ஆண்டுக்குள் தனி ஆளாகவே மனுக் கொடுக்கலாம், சங்கம் தேவையில்லை.